அந்தக் கிரைண்டரைக் கழற்றி வை, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்குப் பனி கூடினால் முழங்கால் வலியும் கூடுகிறது, மற்றபடி ஒன்றும் இல்லை. கடைகளில் பொரித்த பழைய எண்ணெயைச் சுற்றிச் சுத்தமாக்கி, மில் எஞ்சினை அதில் ஓட்ட நீ செய்கிற மெஷினின் படங்களைப் பார்த்தேன். போனில் பேசினால் பாதியில் லைன் அறுந்து போகிறது, மில் சத்தத்தில் உனக்கும் அரைவாசிதான் கேட்கும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். தங்கச்சி இதைப் படம் பிடித்து அனுப்புவாள். முழுவதையும் வாசித்த பிறகு வேலையில் கை வை.

முதலில் அந்த ஆங்கிள் கிரைண்டரைக் கழற்றி வை. அதன் தலையில் அலுமினியச் சட்டியை போல்ட் போட்டு இறுக்கி, பிளாஸ்டிக் வாளிக்குள் சுற்ற விட்டு எண்ணெய் ஊற்றப் போகிறாய் என்று படத்தில் தெரிகிறது. வீடியோவில் யாரோ செய்து காட்டியிருக்கலாம். நீ செய்யாதே. பேத்தி எந்த நேரமும் மில்லுக்குள் ஓடி வருகிற பிள்ளை.

கணக்கைப் போட்டுப் பார். சட்டியின் ஆரம் ஏழரை சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள். நிமிடத்துக்கு 2,850 சுற்று சுற்றினால் அதன் சுவரில் இருக்கிற எதுவும் தன் எடையைப் போல 680 மடங்கு கனக்கும். ஒரு பக்கத்தில் ஒரே ஒரு கிராம் கூடி இருந்தாலும் அந்த ஒரு கிராம் 680 கிராம் பாரமாகப் பேரிங்கைப் பிடித்து இழுக்கும். உன் கிரைண்டர் 11,000 சுற்று. சுற்று ஏறக்குறைய நாலு மடங்கு கூடினால் இழுவை பதினைந்து மடங்கு கூடிவிடும். அங்கே அதே ஒரு கிராம் பத்து கிலோ. சட்டியின் விளிம்பு மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். கடையில் வாங்கிய சட்டியில் ஒரு பக்கம் தகடு தடிப்பு, மறு பக்கம் மெல்லிசு. அது பிய்த்துக்கொண்டு வந்தால் பிளாஸ்டிக் வாளி என்ன செய்யும்? போதாததற்கு, கிரைண்டரின் காபன் பிரஷ் ஓடும்போதெல்லாம் பொறி விடும். தன்னைக் குளிராக்கக் காற்றை இழுக்கிற மோட்டர் அது. எண்ணெய்ப் புகையையும் சேர்த்து உள்ளே இழுக்கும்.

அவ்வளவு வேகம் இந்த வேலைக்குத் தேவையே இல்லை தம்பி. நான் சொல்ல வந்ததே அதுதான். எண்ணெயைச் சுத்தமாக்குவது வேகம் மட்டும் இல்லை. சூடும், நேரமும், வேகமும் மூன்றும் சேர்ந்துதான். அதில் சூடும் நேரமும் உனக்கு மலிவு. ஆபத்தும் குறைவு.

எப்படி என்று சொல்கிறேன். எண்ணெய்க்குள் கிடக்கிற தண்ணீர்த் துளியும் கருகிய மாத்தூளும் எண்ணெயை விடக் கனம். சுற்றும்போது அவை சுவர்ப் பக்கம் போகும், எண்ணெய் நடுப் பக்கம் நிற்கும். அவை எவ்வளவு சீக்கிரம் சுவரை எட்டும் என்பது எண்ணெய் எவ்வளவு தடிப்பாக இருக்கிறது என்பதைப் பொறுத்தது. 20 பாகை செல்சியஸில் இருக்கிற சமையல் எண்ணெயை 70 பாகைக்குச் சூடாக்கினால் அதன் தடிப்பு ஐந்தில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். அப்படியானால் அழுக்கு ஐந்து மடங்கு வேகமாகப் பிரியும். அதே பலனை மோட்டரில் எடுக்க வேண்டும் என்றால் சுற்றை இரண்டு மடங்குக்கு மேல் கூட்ட வேண்டும். எது சுலபம் என்று நீயே சொல். ஊற்றுகிற அளவைப் பாதியாகக் குறைத்தால் எண்ணெய் சுற்றுகிற கிண்ணத்துக்குள் இருக்கிற நேரமும் இரண்டு மடங்காகும்.

நம் ஊர்க் குளிரில் இந்தச் சூடு இன்னும் முக்கியம். தேங்காய் எண்ணெய் 24 பாகைக்குக் கீழே போனால் உறையும். காலையில் இங்கே போத்தலைக் கவிழ்த்துப் பிடித்தாலும் ஒரு சொட்டு விழாது. நீ இருக்கிற பண்டாரவளை இங்கேயை விடக் கொஞ்சம் வெதுவெதுப்பு என்றாலும் விடியற்காலையில் அங்கேயும் அதே கதைதான். ரோல்ஸும் வடையும் பொரித்த கடைகளில் இருந்து நீ எடுக்கிற எண்ணெயில் பாம் எண்ணெய், தேங்காய் எண்ணெய் எல்லாம் கலந்துதான் இருக்கும். அதைக் குளிரோடு ஊற்றினால் மெழுகு மாதிரிக் கட்டி சேர்ந்துவிடும், எது அழுக்கு எது எண்ணெய் என்றே தெரியாது.

சரி, மெஷினுக்கு வருவோம்.

மோட்டருக்குப் பழைய தண்ணீர்ப் பம்ப் ஒன்றைப் பார். அல்லது மேசையில் பூட்டுகிற கிரைண்டர். இரண்டும் நம் கரண்டில் 2,850 அளவில் சுற்றுகிறவை, பிரஷ் கிடையாது, மணிக்கணக்காக ஓடத் தாங்கும். அரைக் குதிரை வலு போதும். பழைய இரும்புக் கடையில் சுருள் எரிந்ததைத் தலையில் கட்டிவிடுவார்கள், ஓட்டிப் பார்த்துத்தான் வாங்கு. மோட்டரை நிமிர்த்தி, தண்டு மேலே பார்க்கிற மாதிரிப் பூட்ட வேண்டும். தண்டு வழியாக எண்ணெய் வழிந்து பேரிங்குக்குப் போகாமல் இருக்க, கிண்ணத்தைச் சுற்றி மூடி நிற்கிற இரும்புக் கூட்டின் அடித்தட்டில் தண்டைச் சுற்றி உயரமாக ஒரு வளையம் வெல்ட் பண்ணு. கிண்ணத்தின் அடிப்பாகம் அந்த வளையத்தை மூடிக் கீழே இறங்கி நிற்க வேண்டும்.

கிண்ணத்தில் மட்டும் காசு பார்க்காதே. தடித்த இரும்புக் குழாய்த் துண்டு ஒன்றையும் தடித்த அடித்தகடு ஒன்றையும் நன்றாக வெல்ட் பண்ணி, அப்புறம் லேத்தில் கொடுத்து உள்ளும் புறமும் கடைந்து எடு. பழைய பிஸ்டனை உருக்கி வார்க்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். வீட்டில் வார்த்த அலுமினியத்துக்குள் காற்றுக் குழி இருக்கும், வெளியே தெரியாது. உள் விட்டம் 15 சென்டிமீட்டர், உயரம் எட்டு. மேல் வாயில் உள்ளே மடிந்த மாதிரி ஒன்றரை சென்டிமீட்டர் அகலத்துக்கு ஓர் உதடு. அந்த உதடுதான் முழு வேலையையும் செய்கிறது. சுற்றும்போது எண்ணெய் சுவரோடு ஒட்டி நிற்கும், உதட்டின் விளிம்பு வரை நிறைந்த பிறகுதான் சுத்தமான எண்ணெய் அதைத் தாண்டி வெளியே வழியும். விளிம்பு ஒரு பக்கம் துளி பள்ளமாக இருந்தாலும் எண்ணெய் முழுதும் அந்தப் பக்கத்தால் ஓடிவிடும். லேத்காரரிடம் உதட்டையும் தண்டுத் துளையையும் ஒரே பிடியில் கடையச் சொல். கழற்றி மாட்டிக் கடைந்தால் மையம் தப்பும்.

உள்ளே மூன்று சிறு தகடுகள் நெடுக்காகப் பூட்டு, சம இடைவெளியில். இல்லாவிட்டால் கிண்ணம் சுற்றும், எண்ணெய் வழுக்கிக்கொண்டு பின்தங்கும்.

எண்ணெய் வருகிற குழாய் கிண்ணத்தின் நடுவால் இறங்கி அடித்தட்டுக்குக் கிட்ட முடிய வேண்டும். மேலேயே ஊற்றினால் வந்த எண்ணெய் சுத்தமாகாமல் அப்படியே உதட்டால் போய்விடும். செம்புக் குழாய், பித்தளைத் திருகு எதையும் போடாதே. செம்பு பட்டால் எண்ணெய் சீக்கிரம் கெட்டுப் பிசினாகும். இரும்பு போதும்.

இந்த யோசனை புதிது இல்லை. பாலில் இருந்து ஆடையைப் பிரிக்க 1878இல் சுவீடன்காரர் குஸ்டாவ் டி லாவால் செய்த மெஷினும் இதே வேலையைத்தான் செய்தது. கனமான பால் வெளியே, லேசான ஆடை நடுவே. எஞ்சினும் அப்படித்தான். 1900இல் பாரிஸ் கண்காட்சியில் ஒட்டோ கம்பனி காட்டிய சிறிய டீசல் எஞ்சின் நிலக்கடலை எண்ணெயில் ஓடியது என்று ருடால்ஃப் டீசலே எழுதியிருக்கிறார். அதனால் யாராவது உன்னைப் பைத்தியக்கார வேலை என்று சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதே.

கிண்ணம் கைக்கு வந்ததும் நேரே மோட்டரில் மாட்டாதே. அதற்குப் பொருந்துகிற நேரான கம்பி ஒன்றை நடுவில் செருகி, மட்டம் பார்த்து வைத்த இரண்டு இரும்புப் பட்டைகளின் விளிம்பில் உருள விடு. கனமான பக்கம் தானாகக் கீழே வந்து நிற்கும். சோக்கட்டியால் அடையாளம் வை. அந்த இடத்தில் வெளியே இருந்து மெல்லமாக டிரில் பண்ணிக் கொஞ்சம் எடு, திரும்ப உருட்டு. எந்தப் பக்கம் நிறுத்தினாலும் நின்ற இடத்திலேயே நிற்கும் வரை இதைச் செய்ய வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனால் இதில் பொறுமை வேண்டும். தேயிலை ஸ்டோரில் ஃபேன் பூட்டும்போதும் நாங்கள் இப்படித்தான் பார்ப்போம். பூட்டிய பிறகு நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை மோட்டரின் உடம்பில் பேரிங் இருக்கிற இடத்தில் வைத்து, கைப்பிடியைக் காதோடு அழுத்திக் கேள். நல்ல பேரிங் ஒரே சீராக இரையும். கரகரவென்றோ விட்டு விட்டோ கேட்டால் நிறுத்து. சுற்றுகிற எதிலும் ஸ்க்ரூ டிரைவர் படக்கூடாது, தலையைத் தூர வை.

கூட்டுக்கு ஆறு மில்லிமீட்டர் தடிப்புள்ள பெரிய இரும்புக் குழாய்த் துண்டு தேடு. மூடியை போல்ட் போட்டு இறுக்கு, கல்லைத் தூக்கி வைத்து ஒப்பேற்றாதே. சுவிட்ச் மெஷினுக்குக் கிட்ட இருக்கக் கூடாது, கதவோரம் இருக்கட்டும். எர்த், ட்ரிப் சுவிட்ச் இரண்டும் கட்டாயம். முதல் ஓட்டம் எண்ணெய் இல்லாமல். அந்த நேரம் மருமகளும் பிள்ளையும் வீட்டில் இருக்க வேண்டும். நீயும் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றுதான் சுவிட்சைப் போட வேண்டும்.

எண்ணெயைக் கொண்டு வந்ததும் துணியில் வடித்து, பெரலில் ஊற்றி ஆட விடாமல் இரண்டு மூன்று கிழமை வை. அடியில் தங்குகிற தண்ணீரையும் வண்டலையும் கீழ்த் திருகால் வெளியே விடு. இதைச் செய்யாமல் சுற்ற ஆரம்பித்தால் வேலை நடக்காது. நான் சொன்ன அளவுக் கிண்ணத்தில் சுவரோடு நிற்கிற இடம் அரை லீட்டர்தான். அது தண்ணீரால் நிறைந்துவிட்டால் அப்புறம் வருகிற தண்ணீரும் எண்ணெயோடு சேர்ந்து வெளியே போய்விடும். பிறகு 70 பாகைக்குச் சூடாக்கி, மணித்தியாலத்துக்குப் பத்து லீட்டருக்கு மேல் போகாமல் மெல்லிய தாரையாக விடு. ஹீட்டர் கொயிலைப் போடுவதானால் அது எப்போதும் எண்ணெய்க்குள் மூழ்கி இருக்க வேண்டும். தேயிலைக் கவ்வாத்து விறகில் சூடாக்குவதானால் முற்றத்தில், மெஷினுக்குத் தூர. ஒரு முறை சுற்றியதை இன்னொரு முறை சுற்று. பெட்ரோலோ டீசலோ கலந்த எண்ணெயை மட்டும் இந்த மெஷினுக்குள் விட்டுவிடாதே, ஆவி தீப்பிடிக்கும்.

நிறுத்தியதும் கிண்ணத்துக்குள் கறுத்த வண்டல் சுவரெல்லாம் ஒட்டி இருக்கும். மரக் கரண்டியால் வழித்துத் துடைத்துவிட்டுத்தான் அடுத்த தடவை போட வேண்டும். பாதி வண்டல் ஒரு பக்கம் விழுந்து கிடக்க மெஷினைப் போட்டால், நீ கஷ்டப்பட்டு எடுத்த சமநிலை போய்விடும். துடைத்த துணிகளைக் குவித்து வைக்காதே. எண்ணெய்த் துணி குவியலாகக் கிடந்தால் உள்ளுக்குள் தானாகச் சூடேறிப் பற்றிக்கொள்ளும். தண்ணீர் ஊற்றிய மூடி போட்ட தகரப் பேணிக்குள் போடு.

சுத்தமாகிவிட்டதா என்று பார்க்க, சின்ன இரும்புச் சட்டியை நன்றாகக் காய வைத்து எண்ணெயில் சில துளி விடு. தண்ணீர் இருந்தால் சடசடவென்று குமிழ் விட்டு வெடிக்கும். இல்லாவிட்டால் சத்தமில்லாமல் பரவும். முகத்தைக் கிட்டக் கொண்டு போகாதே.

இனி எஞ்சின். உன்னிடம் இருக்கிறது 650 சுற்றில் ஓடுகிற பழைய லிஸ்டர் வகை, அதனால்தான் இந்த வேலைக்கே நான் சம்மதித்தேன். மிக உயர்ந்த அழுத்தத்தில் டீசலைப் பீச்சுகிற புதுக் கொமன் ரெயில் எஞ்சினாக இருந்தால் வேண்டவே வேண்டாம் என்றிருப்பேன். டீசலில் ஸ்டார்ட் பண்ணு. எஞ்சினைக் குளிராக்குகிற தண்ணீர் நன்றாகச் சூடேறிய பிறகு எண்ணெய்க்கு மாற்று. நிறுத்துவதற்கு முன்னால் திரும்ப டீசலுக்கு மாற்றிக் கொஞ்ச நேரம் ஓட விடு. இல்லாவிட்டால் இரவுக் குளிரில் பம்புக்குள்ளும் இன்ஜெக்டருக்குள்ளும் எண்ணெய் இறுகிவிடும். எஞ்சின் ஒயிலை வழக்கத்தை விடச் சீக்கிரமாக மாற்று. ஸ்டிக்கில் பார்க்கும்போது தடித்துத் தெரிந்தால் அன்றைக்கே மாற்று.

2022 ஜூனில் டீசல் 460 ரூபாய்க்குப் போய், அந்த விலைக்கும் கிடைக்காமல் நீ மில்லைப் பூட்டிவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருந்தது எனக்கு மறக்கவில்லை. அப்போது நீ ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. உன் அம்மாதான் இரவெல்லாம் தூங்காமல் கிடந்தாள். யாரையும் எதிர்பார்க்காமல் மில் ஓட வேண்டும் என்று நீ நினைப்பது எனக்கு நன்றாக விளங்குகிறது. அதற்கு நான் குறுக்கே நிற்க மாட்டேன். இன்னொரு விஷயம், கடைக்காரர்களிடம் பழைய எண்ணெயை நல்ல விலை கொடுத்தே எடு. நீ எடுக்காவிட்டால் அது திரும்ப யாரோ ஒருவருடைய சட்டிக்குத்தான் போகும். அதைத் தின்கிறது நம் பிள்ளைகள்.

மோட்டர் கிடைத்ததும் தண்டின் விட்டத்தை வெர்னியரால் அளந்து அனுப்பு, சாவிக்காடி (கிண்ணம் வழுக்காமல் பூட்டத் தண்டில் வெட்டிய பள்ளம்) இருக்கிறதா என்றும் பார். கிண்ணத்தின் படத்தை அளவோடு நானே வரைந்து தருகிறேன். ஹட்டனில் எனக்குத் தெரிந்த லேத்காரர் இருக்கிறார், இங்கேயே கடைந்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வருகிறேன். கிண்ணம் ஆடுகிறதா என்று அளக்கிற டயல் கேஜும் கொண்டு வருவேன். நான் வரும் வரை சுவிட்சைப் போடாதே. மருமகளுக்கு அம்மா கருவாடும் ஊறுகாயும் கட்டி வைத்திருக்கிறாள், அதுவும் என்னோடு வரும்.

அன்புடன்,
அப்பா