மீனைப் பற்றிக் கேட்ட அம்மாவுக்கு

ஒனஹாமா, ஜப்பான்

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தங்கை கிளாராவுக்கும்,

நலம், உங்கள் அனைவரின் நலமறிய ஆவல். கிளாராவின் கடிதம் கிடைத்தது. அணு உலை வெடித்த ஊரின் மீனையா என் பிள்ளை தின்கிறான் என்று அம்மா அழுததாகவும், கூடங்குளம் அணு உலைக்குப் பக்கத்து இடிந்தகரையிலிருந்து பெரியம்மா வந்து அந்தப் பயத்தை இன்னும் கூட்டிவிட்டுப் போனதாகவும் எழுதியிருந்தாள். போனில் சொன்னால் அம்மா அழுகையிலேயே பாதியை விட்டுவிடுவார் என்பதால் விவரமாக எழுதுகிறேன். அப்பா நிதானமாக வாசித்துக் காட்டவும்.

நான் இருக்கும் துறைமுகத்துக்கும் அந்த ஃபுகுஷிமா உலைக்கும் இடையே ஏறக்குறைய ராமேஸ்வரத்துக்கும் ராமநாதபுரத்துக்கும் உள்ள தூரம் இருக்கிறது. 2004 சுனாமியில் இலங்கை குறுக்கே நின்றதால் நம் கரை பெரும்பாலும் தப்பியது. 2011 மார்ச் 11 அன்று இந்தக் கரைக்குக் குறுக்கே நிற்க எதுவும் இல்லை. உள்ளே புகுந்த கடல், உலைகளைக் குளிர்விக்கத் தேவையான மின்சாரத்தை நிறுத்திவிட்டதால், மூன்று உலைகளில் எரிபொருள் உருகி அடியில் இறங்கிவிட்டது. அப்படி உருகிக் கிடப்பது சுமார் 880 டன் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதனருகே மனிதர் போக முடியாது. உள்ளே அனுப்பிய ரோபோக்கள் சிலவும் திரும்பி வரவில்லை. 2024 நவம்பரில்தான் இரண்டாம் உலையிலிருந்து முதல் துணுக்கை வெளியே எடுத்தார்கள். 22 மீட்டர் வரை நீளக்கூடிய, தூண்டில் கழியைப் போன்ற கருவியை விட்டு எடுத்த அந்தத் துணுக்கின் எடை ஒரு கிராம்கூட இல்லை. மீதி எல்லாம் எப்படிக் கிடக்கிறது என்பது இன்றும் முழுதாகத் தெரியாத மர்மம்தான்.

ஆனால் அம்மா, மீன் விஷயம் வேறு. கரைக்கு வரும் மீனில் வகைக்கு ஒன்றை எடுத்து, சதையைப் பொடியாக நறுக்கி, சின்ன டப்பாவில் அழுத்தி அடைத்து, கனத்த ஈயப் பெட்டிக்குள் வைத்துக் கதிரியக்கத்தை அளக்கிறார்கள். பெக்கரல் என்பது அதன் அலகு. கிலோவுக்கு 100 பெக்கரல் என்பது அரசு வைத்த வரம்பு. இங்குள்ள மீனவர் சங்கமோ தானாகவே 50 என்று வைத்துக்கொண்டு, அதற்கு மேல் போனால் விற்பனைக்கே விடுவதில்லை. உலையில் தேங்கிய தண்ணீரைச் சுத்திகரித்து, பிரிக்க முடியாத டிரிடியம் என்ற கதிரியக்கப் பொருளோடு கடல்நீர் கலந்து, 2023 ஆகஸ்ட் முதல் கடலில் விடுகிறார்கள். அன்றே சீனா ஜப்பான் மீனை நிறுத்தியது. அதன் நியாயத்தை இங்குள்ள படகுச் சம்மாட்டிகளே ஒருமுகமாகச் சொல்வதில்லை. என்னைக் கேட்டால், அளந்து வரும் மீனைவிட அளக்காத மலைதான் பயம். வீடுகளையும் வயல்களையும் சுத்தம் செய்தவர்கள் காடுகளை அநேகமாக அப்படியே விட்டுவிட்டார்கள். பாதியாகக் குறையவே 30 ஆண்டுகள் எடுக்கும் சீசியம் என்ற கதிரியக்கப் பொருள் அங்கே மண்ணிலும் காளானிலும் காட்டுப்பன்றியின் இறைச்சியிலும் இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை.

இதை எனக்குச் சொன்னவர் எதிர்வீட்டுப் பாட்டி. அவர் ஊர் உலையை ஒட்டிய ஃபுதாபா. இரண்டு நாளில் திரும்பிவிடலாம் என்று அடுப்பில் சட்டியை வைத்தபடியே கிளம்பியவர். அவர் வீடு இன்றும் தடை செய்த பகுதிக்குள் இருப்பதால், அனுமதி வாங்கி, வெள்ளை உடுப்பு மாட்டி, செருப்பின் மேல் பிளாஸ்டிக் உறை கட்டி, கழுத்தில் அளவுமானி தொங்கப் போய்வருகிறார். பன்றி புகுந்து சாமி மாடத்தைக் கவிழ்த்திருக்கிறதாம். வயலில் மரங்கள் நெடுநெடுவென்று வளர்ந்துவிட்டனவாம். இருந்தும் வீட்டை இடிக்கக் கையெழுத்துப் போட மறுக்கிறார். 1964 புயலில் தனுஷ்கோடி வீட்டை இழந்த நம் தாத்தாவுக்கு, வீடு போயிற்று என்பதாவது கண்ணுக்குத் தெரிந்தது. பாட்டி அங்கே போய்த் திரும்பி வந்ததும் எனக்கு ஒரு கிண்ணம் சூடான கீரைச் சூப்பு நீட்டுவார். ஒவ்வொரு முறையும் கடைக்கீரைதான் என்று சத்தியம் செய்வார்!

நான் வசதியாகவே இருக்கிறேன். உடன் இருந்த பையன்கள் வேறு ஊருக்குப் போய்விட்டதால் அறை முழுதும் எனக்கே. ஒருவேளை சமைத்தால் இருவேளைக்கு வருகிறது. குளிருக்கு இரண்டு சட்டையை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டால் ஹீட்டர் தேவைப்படுவதில்லை. யென் மதிப்பு இறங்கியிருப்பதால்தான் இம்முறை பணம் குறைவு; கவலைப்பட வேண்டாம். நேற்றுப் புளியும் மிளகாய்த்தூளும் கிடைத்துக் குழம்பு வைத்தேன். கொதி வந்ததும், அம்மா, பாம்பன் பாலத்தில் ரயில் ஏறும் சத்தம் கேட்டதுபோல் இருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு வெகுநேரம் நின்றேன். கச்சத்தீவு திருவிழாவுக்கு இந்த வருடமும் எனக்காக ஒரு மெழுகுதிரி ஏற்றவும்.

கிளாராவுக்குக் கோயிலில் கல்யாண ஓலை வாசிக்கும் முன் மாப்பிள்ளை வீட்டாரிடம் நகைப் பேச்சை முடித்துவிட வேண்டும், அப்பா. அவர்கள் பிறகு கூட்டிக் கேட்டால் நம்மால் ஆகாது. சூசை மாமா நாட்டுப்படகை விற்கச் சொன்னால் கேட்க வேண்டாம். கரையேற்றிப் பழுது பார்த்தால் இன்னும் பல வருடம் ஓடும். அம்மாவின் சங்கிலிக்கு வட்டியை மட்டும் கட்டி அடகுச் சீட்டைப் புதுப்பித்துவிடுங்கள். அசலை நான் அடுத்த மாதம் அனுப்பப் பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்
அருள்