பச்சைச் சீட்டுக்கு நிற்கப்போகும் தம்பி தங்கைகளுக்கு

அன்புள்ள தம்பி, தங்கைகளே,

ஒன்றியக் கவுன்சிலர் தேர்தலில் சுயேச்சையாக நிற்கலாமா என்று கேட்டு உங்களில் நாலைந்து பேர் வீட்டுக்கே வந்துவிட்டீர்கள். டீ கொடுத்து ஏதோ சொல்லி அனுப்பினேன். சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

கிராமத்து வாக்காளர் கையில் நாலு வாக்குச் சீட்டு. வெள்ளையும் ரோஸும் ஊராட்சிக்கு; அதில் கட்சிச் சின்னம் கிடையாது. ஒன்றியக் கவுன்சிலருக்கான பச்சையில் உண்டு. 2019இல் வேட்புமனுவைத் திரும்பப் பெறக் கடைசி நாள் டிசம்பர் 19. அதற்கப்புறம்தான் சுயேச்சைக்குச் சின்னம். முதல் கட்ட வாக்குப்பதிவு 27ஆம் தேதி. "உன் மூஞ்சி தெரியுது, சின்னம்தான் நிக்க மாட்டேங்குது" என்றார் ஒரு அப்பத்தா. நோட்டீஸை அவர் வீட்டுக் கதவில் ஒட்டிவிட்டு வந்தேன்.

ஜெயித்தபின்தான் சோதனை. 2020 ஜனவரி 11 ஒன்றியத் தலைவர் மறைமுகத் தேர்தல்; கவுன்சிலர்கள் மட்டும் ஓட்டுப் போடுவது. எங்கள் ஒன்றியத்தில் இரண்டு பக்கமும் சமம். வாசலில் கார் வந்து நின்றது. பணம் வாங்கவில்லை, ஆனால் சும்மாவும் ஓட்டுப் போடவில்லை. எங்கள் ஒன்றிய நடுநிலைப் பள்ளிக்கு இரண்டு வகுப்பறை கேட்டேன். இரண்டரை வருடம் கழித்து ஒன்று வந்தது. அதுவும் ஒரு விலைதானே என்று மனைவி கேட்டாள். இன்றுவரை பதில் சொல்லவில்லை.

கூட்டத்துக்குப் போனால் தீர்மானங்களை ரயில் வேகத்தில் வாசிப்பார்கள், புத்தகம் கைமாறும், கையெழுத்துப் போட வேண்டும். நான் வாங்கி வைத்துப் படிப்பேன். "கவுன்சிலர், பிரியாணி ஆறுது" என்று ஒரு குரல் வரும். ஆறட்டும். ஒருமுறை, முந்தின வருடமே போட்டு முடித்த எங்கள் வார்டுச் சாலை மறுபடியும் பட்டியலில் இருந்தது. எழுத்துப்பிழை என்றார்கள். அடுத்த கூட்டத்தில் அந்த வரி இல்லை. கட்சிக்காரராக இருந்திருந்தால் அன்று ராத்திரி எனக்கு போன் வந்திருக்கும். சுயேச்சைக்கு உள்ள ஒரே வசதி இது.

தெருவிளக்கும் குடிதண்ணீரும் ஊராட்சி மன்றத்தின் பொறுப்பு, கவுன்சிலருடையது இல்லை. மோட்டார் காயில் எரிந்து மூன்று நாளாகத் தண்ணீர் வராத தெருவில், காலிக் குடங்களுக்கு நடுவே நின்று இதை விளக்கிப் பாருங்கள்! நான் ஒரே ஒருமுறை விளக்கினேன். அப்புறமெல்லாம் வந்தவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு தலைவர் வீட்டுக்குப் போய்விடுவேன். அதனால் ஊராட்சித் தலைவரோடு மட்டும் பகை வேண்டாம்.

எங்கள் பதவிக்காலம் 2025 ஜனவரி 5உடன் முடிந்தது. ஐந்து வருடம் முடியும் முன்பே அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்கிறது அரசியல் சாசனத்தின் 243E பிரிவு. வந்ததோ தனி அலுவலர், எங்களுக்குப் பதிலாக நிர்வாகம் பார்க்கும் அரசு அதிகாரி. 2016 கடைசியிலிருந்து மூன்று வருடமும் இதே கதைதான். மனுக்கள் மட்டும் இன்னும் என் திண்ணைக்கு வருகின்றன.

தேதி அறிவிக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்தில் ஆறு கிராம சபை. போய் உட்காருங்கள், வரவு செலவை வாசிக்கச் சொல்லுங்கள். எந்தச் சாலை எந்த வருடம் போட்டது என்று நான் குறித்த நோட்டு இரண்டு இருக்கிறது. நிற்பதென்று முடிவெடுத்தவர் வந்து வாங்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உங்கள் முன்னாள் கவுன்சிலர்