பூஜ்ய சதவீதத் தழும்பு

அன்புள்ள செந்திலுக்கு,

நீ அனுப்பிய முடிவுக் கடிதத்தையும், அதனுடன் இருந்த மருத்துவப் பரிசோதனை அறிக்கையையும் அச்செடுத்து முழுவதும் படித்துவிட்டேன். "பூஜ்யம் என்று எழுதிவிட்டார்கள், போனால் போகட்டும்" என்று நீ தொலைபேசியில் சொன்னதில் எனக்கு உடன்பாடில்லை. உன் தீக்காயம் ராணுவப் பணியில் நேர்ந்ததுதான் என்று அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறை அந்தக் கடிதத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறது. பெரும்பாலோர் ஆண்டுக்கணக்கில் போராடுவது அந்த ஒரு வரிக்காகத்தான். இனி மிச்சமிருப்பது, உதவித்தொகையை முடிவுசெய்யும் ஊனச் சதவீதத்தைப் பற்றிய தகராறு மட்டுமே.

விபத்து இழப்பீட்டுக் கோப்புகளைப் பார்த்தே ஓய்வு பெற்றவன் நான். காயச் சான்றிதழில் மருத்துவர் எழுதாத காயம் தீர்ப்பாயத்தின் கண்ணுக்குத் தெரியாது என்பது எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் அறிந்த செய்தி. உன் அறிக்கையிலும் அதுவே நடந்திருக்கிறது. கழுத்துத் தழும்பின் அகலம் 0.5 சென்டிமீட்டர் என்று பதிந்திருக்கிறார்கள். அந்தத் துறையின் ஊன மதிப்பீட்டு விதிகளில், தலை, முகம், கழுத்து ஆகிய இடங்களின் தழும்புகளுக்கான 7800 என்ற விதி எட்டு உருக்குலைவு அடையாளங்களை வரையறுத்து, அவற்றில் ஒன்று இருந்தாலே 10 சதவீதம், இரண்டோ மூன்றோ இருந்தால் 30 சதவீதம் என்கிறது. அவற்றில் ஒன்று, தழும்பின் மிக அகலமான இடத்தில் கால் அங்குலம், அதாவது 0.6 சென்டிமீட்டர் இருப்பது. ஒரே ஒரு மில்லிமீட்டரில் உன்னை வெளியே நிறுத்தியிருக்கிறார்கள். காதுக்குப் பின்னால் நூல்போல ஒடுங்கும் அந்தத் தழும்பு, சட்டைக் காலருக்கு மேலே என் சுண்டுவிரல் அகலத்துக்கு விரிந்திருப்பதைப் போன பொங்கலுக்கு நீ வந்தபோது பார்த்தேன். அளந்தவர் எந்த இடத்தில் அளந்தாரோ தெரியவில்லை. தடவிப் பார்த்தால் மேடாகவோ பள்ளமாகவோ தட்டுப்படுவதும், அடித்திசுவோடு ஒட்டியிருப்பதும் தனித்தனி அடையாளங்கள். அந்தக் கட்டங்கள் அறிக்கையில் வெறுமையாக இருக்கின்றன.

அடுத்தது வலி. வலிக்கிற தழும்பு ஒன்றோ இரண்டோ இருந்தால் 7804 விதிப்படி 10 சதவீதம் உண்டு. பரிசோதகர் கேட்டதற்கு நீ "பெரிதாக ஒன்றுமில்லை" என்று சொல்லியிருக்கிறாய், அவரும் வலி இல்லை என்று குறித்துவிட்டார். பட்டாளத்தில் பழகிய பேச்சு அது என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் பையின் வார் தோளில் உரசினால் நீ முகம் சுளிப்பதை உன் அம்மா கவனிக்காமல் இல்லை. மேல்கைத் தழும்பின் பரப்பை வைத்து மட்டும் வாதாடாதே. அடித்திசு சேதமில்லாத தழும்புக்குப் பரப்பால் சதவீதம் கிடைக்க வேண்டுமானால் 144 சதுர அங்குலம், அதாவது அடிக்கு அடி சதுரம், இருக்க வேண்டும். உன்னுடையது அவ்வளவு இல்லை.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பரணிலிருந்து குத்துவிளக்கை இறக்கச் சொன்னபோது நீ வலக்கையை மட்டுமே நீட்டினாய்; இடக்கை தோள்மட்டத்தோடு நின்றுவிட்டது. தழும்பு இழுப்பதால் மூட்டு இயங்கவில்லை என்றால், 7805 விதியின்படி அந்தப் பாதிப்பைத் தோள்மூட்டுக்கான விதியில் தனியாக மதிப்பிட வேண்டும். தோள்மட்டத்துக்கு மேல் கை எழாவிட்டால் அங்கே 20 சதவீதம். ஒரே காயத்துக்கு எப்படிப் பல மதிப்பீடு என்று கேட்டாய். 1994-இல் எஸ்டெபன் எதிர் பிரவுன் வழக்கில், முகக் காயம்பட்ட ஒரு முன்னாள் வீரருக்கு உருக்குலைவு, தழும்பின் வலி, தசைப் பாதிப்பு ஆகிய மூன்றையும் தனித்தனியே மதிப்பிட வேண்டும் என்று தீர்ப்பானது. ஒரே தொந்தரவை இரண்டு முறை எண்ணக் கூடாது என்பதுதான் தடை. 20, 10, 10 மூன்றும் கிடைத்தால் ஒவ்வொன்றையும் மிச்சமிருக்கும் பகுதியில் மட்டும் கணக்கிடும் அவர்களுடைய விசித்திரமான கூட்டல் அட்டவணைப்படி 35 வரும், அதைப் பத்தின் மடங்காக்கி 40 ஆக்குவார்கள்.

இனி எந்த வழியில் போவது என்பது. 2019 பிப்ரவரி முதல் மூன்று வழிகள் இருக்கின்றன. ஹையர் லெவல் ரிவ்யூவில் மூத்த அதிகாரி ஒருவர் மறுபடி பார்ப்பார்; ஆனால் புதிய ஆதாரம் எதையும் சேர்க்க முடியாது. உன் கோப்பில் இருப்பதே அந்தக் குறைபட்ட அறிக்கைதான் என்னும்போது, அதையே இன்னொருவரிடம் கொடுத்து என்ன பயன்? வாஷிங்டனில் உள்ள மேல்முறையீட்டு வாரியம் பொறுமையைச் சோதிக்கும். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். புதிய, தொடர்புள்ள ஆதாரத்துடன் 20-0995 படிவத்தில் சப்ளிமெண்டல் கிளெய்ம், அதாவது துணைக் கோரிக்கை, போடுவதே இப்போதைக்குச் சரி என்பது என் கருத்து. முடிவுக் கடிதத்தின் தேதியிலிருந்து ஓராண்டுக்குள் போட்டுவிட்டால், வென்றால் பழைய விண்ணப்பத் தேதியிலிருந்தே நிலுவை கணக்காகும்; ஆண்டு கடந்தால் புதிதாகப் போட்ட நாளிலிருந்துதான். நீ சும்மா இருந்தால் போவது அந்த நிலுவைப் பணம்.

ஆதாரத்துக்கு ஒரு தோல் மருத்துவரைப் பார். மிக அகலமான இடத்தில் அளக்கச் சொல். அளவுகோலை அருகில் வைத்துப் படம் எடுக்கச் சொல். தோள் இயங்காதது தழும்பினால் ஏற்பட்டிருக்கக் குறைந்தது சரிபாதி வாய்ப்பு உண்டு என்று அவர் கருதினால், அதைக் காரணத்தோடு எழுதித் தரட்டும். அதற்கு மேல் உறுதி தேவையில்லை, ஆதாரம் இருபுறமும் சமமாக நின்றால் சந்தேகத்தின் பலன் வீரருக்கே என்பது அங்கே சட்டம். கண்ணால் கண்டதை உறவினர்களும் 21-10210 படிவத்தில் எழுதலாம். அம்மா தமிழில் சொல்லட்டும், நான் ஆங்கிலத்தில் எழுதி அவள் கையெழுத்துடன் அனுப்புகிறேன். புதிய பரிசோதனைக்கு அழைத்தால், மோசமான நாளில் எப்படி இருக்கும் என்பதை உள்ளது உள்ளபடி சொல். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

ஊனமுற்ற அமெரிக்கப் படைவீரர் சங்கம் போன்ற அமைப்புகளில் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதிகள் இலவசமாகவே உதவுகிறார்கள். சதவீதத்தை உயர்த்தித் தருகிறேன் என்று முன்பணம் கேட்டு மின்னஞ்சல் அனுப்பிய அந்த ஆளுக்குப் பதில் போடாதே. தமிழ் தெரிந்தவர்கள் வேண்டும் என்று, குடியுரிமை இல்லாதவர்களையும் படையில் சேர்த்த மவ்னி திட்டத்தில் உன்னைச் சேர்த்துக்கொண்ட நாடு அது. அதன் சட்டம் உனக்குத் தருவதைக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

மருத்துவரிடம் நாள் வாங்கியதும் தேதியைத் தெரிவி. அதற்குள் அம்மாவின் வாக்குமூலத்தை அனுப்பிவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா