ரெக்கார்ட் நோட்டை எழுதி முடித்துவிட்டு எப்போது படிப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பரீட்சை நேரம் வந்தால் ‘தினமும் கொஞ்சம் படியுங்கள், கடைசி நேரத்தில் உருப்போடாதீர்கள்’ என்ற அறிவுரை எல்லாப் பத்திரிகைகளிலும் தவறாமல் வந்துவிடுகிறது. உங்கள் பத்திரிகையும் விலக்கல்ல. சொல்வது சரிதான். ஆனால் நர்சிங் மாணவிகளிடம் இதைச் சொல்கிறவர்கள், அந்தப் பிள்ளைகளின் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று பக்கத்தில் நின்று பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். நான் இருபது வருடத்துக்கு மேலாக ஸ்டாஃப் நர்ஸ், பெரும்பாலும் பிரசவ வார்டில். வார்டுப் பயிற்சிக்கு (போஸ்டிங்) வரும் மாணவிகளைப் பார்த்துக்கொண்டே இருப்பதால் எழுதுகிறேன்.

போன பேட்ச்சில் இரண்டு பெண்கள் வந்தார்கள். ஒருத்தி கோட் பாக்கெட்டில் உள்ளங்கை அளவு நோட்டு ஒன்று வைத்திருப்பாள். எந்தப் படுக்கையில் எந்த மருந்து போனாலும் அதில் ஒரு வரி குறித்துக்கொள்வாள். ராத்திரி ஹாஸ்டலில் அந்த ஒரு வரியைப் புத்தகத்தில் தேடிப் படிப்பாளாம். இன்னொருத்தி பரீட்சைக்கு ஐந்து நாள் முன்னால்தான் புத்தகத்தையே திறப்பாள். பழைய வினாத்தாள்கள், சீனியர் கொடுத்த நோட்ஸ், பிளாஸ்க் நிறைய டீ. இதைச் சொல்லியே ஆகவேண்டும்: இன்டர்னலில் கூடுதல் மார்க் வாங்கியது இரண்டாமவள்தான். ஊசி போடுவதிலும் அவள் கை சுத்தம். நோயாளிகளிடம் பேசுவதிலும் கெட்டிக்காரி.

ஒருநாள் இருவரையும் டிரிப்ஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நிறுத்தி, ‘500 மி.லி. பாட்டில், 4 மணி நேரத்தில் போகணும், நிமிஷத்துக்கு எத்தனை சொட்டு?’ என்று கேட்டேன். இரண்டாமவள் சூத்திரத்தைத் தண்ணீர் பட்ட பாடாகச் சொன்னாள். ஆனால் கையில் இருக்கிற டிரிப்ஸ் குழாய் செட்டில் ஒரு மி.லி.க்கு எத்தனை சொட்டு என்பதில் நின்றுவிட்டாள். அது கவரிலேயே அச்சடித்திருக்கும். நோட்டுக்காரி கவரைத் திருப்பிப் பார்த்தாள், 20 என்றிருந்தது, ‘42 சிஸ்டர்’ என்றாள்.

இரண்டாமவளைக் குறை சொல்ல எனக்கு அருகதை இல்லை. நானே அந்த ரகம்தான். டிப்ளமோ மூன்றாம் வருடத்தில் கர்ப்பகால வலிப்பு பற்றி எஸ்ஸே கேள்வி கட்டாயம் வரும் என்று சீனியர்கள் சொன்னதால், முந்தின ராத்திரி இரண்டு மணி வரை உருப்போட்டேன். வந்தது, பக்கம் பக்கமாக எழுதினேன், நல்ல மார்க். பாஸாகி எட்டு மாதம் கழித்து ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி. அதே வலிப்போடு ஒரு பெண் வந்தாள். முதல் டோஸ் போயாகிவிட்டது. வலிப்பை அடக்கும் மக்னீசியம் சல்பேட்டின் அடுத்த டோஸை நான் சிரிஞ்சில் ஏற்றிக்கொண்டிருக்கும்போது, சீனியர் சிஸ்டர் கேட்டார்: ‘ஏம்மா, போடறதுக்கு முன்னாடி என்னென்ன பாத்தே?’

எனக்கு ஒன்றுமே வரவில்லை. அந்த விடைத்தாளின் பக்கம்கூட ஞாபகத்தில் இருக்கிறது, அதில் இருந்த எழுத்து இல்லை. அவர் என்னைத் திட்டவில்லை. அந்தப் பெண்ணின் முழங்காலுக்குக் கீழே லேசாகத் தட்டிக் கால் துள்ளுகிறதா என்று பார்த்தார். மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணினார், 16க்குக் குறையவில்லை. மூத்திரப் பையைக் குனிந்து பார்த்தார், மணிக்கு 30 மி.லி.யாவது இறங்கியிருக்கிறதா என்று. கால்சியம் குளுக்கோனேட் டிரேயில் இருக்கிறதா என்று கடைசியாகப் பார்த்துவிட்டு, ‘இப்பப் போடு’ என்றார். மக்னீசியம் அளவு மீறினால் முதலில் அந்த முழங்கால் துள்ளல் போகும், அப்புறம் மூச்சு. முறிவு மருந்து அந்தக் கால்சியம்தான். அன்றைக்குப் பிறகு இது எனக்கு மறந்ததே இல்லை. அதற்காக ஒவ்வொரு மாணவியும் இப்படி ஒரு ராத்திரியில் நின்று கற்றுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட முடியுமா?

உருப்போடுவது அடுத்த நாள் காலைக்கு உதவும் என்பது உண்மை. ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த சோதனையில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்ததில், புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். பரீட்சை ஹால் அந்த ஐந்து நிமிடம் மாதிரி. வார்டு அந்த ஒரு வாரம் மாதிரி, சில சமயம் எட்டு மாதம்.

சரி, அப்படியானால் தினமும் படிக்கவேண்டியதுதானே? எங்கே நேரம்? காலை ஏழு, ஏழரைக்கு வார்டில் நிற்கவேண்டும். மதியம் வகுப்பு. ஹாஸ்டலுக்குத் திரும்பினால் கேர் பிளான், கேஸ் ஸ்டடி, டிரக் புக் என்று ரெக்கார்ட் நோட்டுகள் வரிசையாகக் காத்திருக்கும். மார்ஜின் கோடு நேராக இல்லாவிட்டால் திரும்ப எழுது. தலைப்புக்குக் கறுப்பு மை இல்லையா, திரும்ப எழுது. பிள்ளைகள் என்ன செய்வார்கள்? சீனியரின் நோட்டை வாங்கி, பெயரையும் படுக்கை எண்ணையும் மாற்றி அப்படியே இறக்கிவிடுகிறார்கள். வயதை மாற்ற மறந்துபோய், 58 வயது அம்மாவுக்குப் பிரசவத்துக்குப் பிந்தைய பராமரிப்பு எழுதிய நோட்டில் கையெழுத்துப் போட்டு வந்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன். எழுதியவளும் வாசிக்கவில்லை, திருத்தியவரும் வாசிக்கவில்லை. இத்தனையும் முடிய ராத்திரி பதினொன்று. பரீட்சைக்கு முந்தின வாரம்தான் அந்தப் பிள்ளைக்கு முதல்முறையாகப் புத்தகமே கண்ணில் படுகிறது. அதை நாம் சோம்பேறித்தனம் என்கிறோம்.

2021-22 முதல் பி.எஸ்சி. நர்சிங்குக்கு செமஸ்டர் முறை வந்திருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை கண்விழித்தவர்கள் இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை கண்விழிக்கிறார்கள், அவ்வளவுதான். வகுப்புக்கு 80 சதவீத வருகை இருந்தால் பரீட்சை எழுதலாம். வார்டுப் பயிற்சியை மட்டும் 100 சதவீதம் முடித்தால்தான் பட்டம். முக்கியமானது எங்கே நடக்கிறது என்பது விதி எழுதியவர்களுக்குத் தெரிந்துதான் இருக்கிறது. தினப்படிப்பும் அந்த வார்டிலிருந்துதான் தொடங்கவேண்டும்: இன்று பார்த்த ஒரு நோயாளி, அவருக்குப் போன ஒரு மருந்து, அதைப் பற்றி அரை மணி நேரம். மேஜையில் நாலு மணி நேரம் உட்கார் என்று நான் சொல்லவில்லை. சாதாரண ரத்த அளவுகள், ஸ்கோர் அட்டவணை போன்றவற்றைப் பரீட்சைக்கு முந்தின ராத்திரி ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பதிலும் தப்பில்லை. நானும் அப்படித்தான் செய்வேன்.

கல்லூரிகளிடம் நான் கேட்பது, ரெக்கார்டின் எண்ணிக்கையைப் பாதியாக்கிவிட்டு, மீதியை நோயாளியின் படுக்கைக்குப் பக்கத்தில் வைத்து வாய்வழியாகக் கேளுங்கள் என்பதுதான். வார்டில் எங்களுக்கு இருக்கிற வேலையில் பத்து நிமிடம் ஒதுக்குவது கஷ்டம்தான், பொய் சொல்லவில்லை. ஆனாலும் டியூட்டி மாற்றும் நேரத்தில், சார்ஜ் ஒப்படைக்கும்போது, மாணவிகளையும் கூட நிறுத்திக்கொண்டு ஆளுக்கு ஒரு கேள்வி கேட்கலாம். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். முதல் வாரம் என்னைக் கண்டாலே லேபர் ரூம் பக்கம் ஒளிந்துகொண்டார்கள். இப்போது அந்த இரண்டாமவளும் பாக்கெட்டில் ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறாள். அதில் பாதிக்கு மேல் நான் கேட்கப்போகும் கேள்விகளை முன்கூட்டியே யூகித்து எழுதியது என்று அவளே சொல்லிவிட்டாள்.

இப்படிக்கு,
ஸ்டாஃப் நர்ஸ் ஒருவர்,
தென்காசி மாவட்டம்.