அப்பாவோட எஸ்டிமேட் நோட்டுங்கள மெஷினுக்கு ஏத்தறதுக்கு முன்னாடி

பாப்பாக்கு,

நோட்டு எல்லாத்தையும் கூரியர்ல போட்டுட்டேன், ரெண்டு நாள்ல பெங்களூருக்கு வந்துடும். பிளான் பி.டி.எஃப் போட்டா ஏ.ஐ. அதுவே சுவரு, ஜன்னலு, கதவு எல்லாம் கண்டுபிடிச்சி அளவு எடுத்து எஸ்டிமேட் போடற மாதிரி ஒண்ணு பண்ணிக்கினு இருக்கோம், அதுக்கு கட்டி முடிச்ச வீடுங்களோட கணக்கு வேணும்னு நீ கேட்டதுல இருந்து எனக்கு அதே நெனப்பா கீது. போன்ல சொல்லலாம்னா நீ மீட்டிங்ல இருப்ப, நான் மிக்ஸர் சத்தத்துல இருப்பேன், பாதி விட்டுப் போயிடும். அதான் டைப் பண்றேன், பொறுமையா படி.

மொதல்ல, நீங்க பண்றது ரொம்ப தேவையான வேலை பாப்பா. நம்ம தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, காசிமேடு பக்கம் வீடு கட்டறவங்க யாரு, கால் கிரவுண்டு, அதாவது 600 சதுர அடி மனையில, நகைய வெச்சி, சீட்டு எடுத்து, மீதிக்கு லோன் போட்டு கட்டறவங்க தான். இவங்களுக்கு யாரும் டீட்டெயில் எஸ்டிமேட் போட்டுத் தர்றதில்ல, ஏன்னா அதுக்கு ராத்திரி ராத்திரி ஸ்கேலும் கால்குலேட்டரும் வெச்சிக்கினு உக்காரணும், அந்த சின்ன வேலைக்கு அவ்ளோ நேரம் எவன் குடுப்பான். அதனால சதுர அடிக்கு இவ்ளோன்னு வாய்ல ஒரு ரேட்ட சொல்லிட்டு ஆரம்பிச்சிடறாங்க, அப்புறம் பேஸ்மென்ட் ஏறினதும் சம்ப் தனி, செப்டிக் டேங்க் தனி, காம்பவுண்டு தனி, மண்ணு ஃபில்லிங் தனின்னு ஒவ்வொண்ணா வெளிய வரும். லிண்டல் மட்டத்துல, அதாவது கதவு ஜன்னல் தலைக்கு மேல வர்ற கான்கிரீட் மட்டத்துல, துட்டு தீந்து போயி கம்பி நீட்டிக்கினு நிக்கற வீடு நம்ம தெருவுலயே இருந்துச்சே, அந்த அக்கா அப்புறம் எத்தினி வருஷம் வாடகை வீட்டுலயே கெடந்தாங்க. அத்தினி ராத்திரி வேலைய உன் மெஷின் அரை மணி நேரத்துல முடிச்சிடும்னா அந்த மாதிரி ஜனங்களுக்கு தான் மொதல்ல அது போய் சேரணும்.

இப்ப நோட்டுக்கு வர்றேன். நான் 10.6னு எழுதியிருந்தா அது பத்தடி ஆறு அங்குலம். பத்து புள்ளி ஆறு அடி இல்ல. இத உன் பசங்க கிட்ட மொத வேலையா சொல்லிடு. நம்ம லைன்ல மேஸ்திரி, கார்பென்டர் எல்லாரும் இப்டி தான் எழுதுவோம், சைட்ல பாத்தா ஒடனே புரியும், மெஷினுக்கு எப்டி புரியும்? அதுலயும் மோசம் 10.10, அது பத்தடி பத்தங்குலம், மெஷின் அத 10.1னு எடுத்துக்கும். ஒரு ரூம் 10.10க்கு 12.10னு வெச்சிக்க, சரியான ஏரியா 139 சதுர அடி, மெஷின் படிச்சா 122. ஒரு ரூம்லயே 17 சதுர அடி காணாம போச்சு, டைல்ஸ், ஃபுளோரிங், ரூஃபு எல்லாத்துலயும் அதே தப்பு ஓடும், டோட்டல பாத்தா யாருக்கும் சந்தேகமே வராது. அதே மாதிரி மணல் ஜல்லின்னா 1 யூனிட்டு 100 கன அடி, கம்பி கிலோவுல இருக்கும், கான்கிரீட் சில நோட்டுல கன அடி சில நோட்டுல கன மீட்டரு, கவர்மென்ட் வேலை பண்ண வருஷங்கள்ல எல்லாம் மீட்டரு தான். ஒவ்வொரு பக்கத்துக்கும் என்ன யூனிட்டுன்னு ஒரு ஆள் உக்காந்து குறிச்சிட்டு அப்புறம் ஏத்துங்க.

ஜன்னலு கதவு கழிக்கறதும் அப்டி தான். பூச்சு வேலைக்கு ஐ.எஸ். 1200ல, அதாவது கட்டட வேலைய எப்டி அளக்கணும்னு சொல்ற இந்திய தரப் புத்தகத்துல, ரூல் இருக்கு, 0.5 சதுர மீட்டருக்கு உள்ள இருக்கற ஓட்டைக்கு கழிக்கவே கூடாது, 0.5ல இருந்து 3 வரைக்கும்னா ஒரு பக்கம் மட்டும் கழிக்கணும், 3க்கு மேல போனா தான் ரெண்டு பக்கமும் கழிச்சிட்டு சைடு பூச்ச தனியா அளந்து சேக்கணும். நாலுக்கு நாலு ஜன்னல் ஒண்ணரை சதுர மீட்டர் தான் வரும், அப்ப ஒரு பக்கம் தான் கழிவு. மெஷின் படத்த பாத்து ஓட்டை இருக்குன்னு ரெண்டு பக்கமும் கழிச்சிட்டா, கொத்தனாரு ஜன்னல் ஓரத்துல மட்டம் புடிச்சி எட்ஜ் எடுத்து நிக்கறாரு பாரு, அந்த வேலைக்கு அவருக்கு கூலியே இல்லாம போயிடும். அந்த ஓரம் தான் இருக்கறதுலயே நேரம் புடிக்கற வேலை.

இதெல்லாம் கூட திருத்திடலாம், முக்கியமானது இனிமே தான் இருக்கு. நோட்டுல நீல மையில இருக்கறது நான் பார்ட்டிக்கு, அதாவது வீட்டுக்காரருக்கு, சொன்ன கணக்கு. கடைசி பக்கத்துல செவப்பு மையில இருக்கறது வேலை முடிஞ்சி பில்லு எல்லாம் கூட்டி பாத்த கணக்கு. நீ மெஷினுக்கு கத்துக் குடுக்க வேண்டியது செவப்ப தான். நீலத்துல இருக்கற ரேட்டு வெறும் பொருள் வெலை, கூலி மட்டும் இல்ல, எதுக்கால உக்காந்திருந்த ஆளும் அதுல இருக்காங்க. இட்லி கடை போட்டுக்கினு ரெண்டு பசங்கள தனியா வளத்த ஒரு அக்காவுக்கு லாபமே வெக்காம கூலிக்கு மட்டும் பண்ணிக் குடுத்தேன், இன்னொரு பார்ட்டி ஒவ்வொரு அயிட்டத்துலயும் பேரம் பேசுவாருன்னு தெரிஞ்சி முன்னாடியே ஏத்தி வெச்சேன். சி.பி.டபிள்யூ.டி.ன்னு சென்ட்ரல் கவர்மென்ட் பொதுப்பணித் துறை இருக்குல்ல, அவங்க ரேட் கணக்குல கான்ட்ராக்டர் லாபம் ஓவர்ஹெட்டுன்னு 15 சதவீதம் சேப்பாங்க, எல்லா வேலைக்கும் ஒண்ணு தான். எங்கள மாதிரி ஆளுங்க கிட்ட அது ஆளுக்கு ஆள் மாறும். மெஷின் இத்தினையும் சேத்து சராசரி எடுத்து செங்கல் கட்டு ரேட்டு இதான்னு சொன்னா, அது எந்த செங்கலோட ரேட்டும் இல்ல.

நீலமும் செவப்பும் எங்க ரொம்ப வெலகி இருக்கோ அந்த பக்கத்துல ஓரமா பென்சில்ல ஏதாவது எழுதியிருப்பேன், "சந்து", "தண்ணி", "பம்ப்பு", "மழை" இப்டி ஒத்த வார்த்தை தான். ஸ்கேன் பண்ணும்போது பென்சில் விழாம போயிடும், வெளிச்சம் அதிகமா வெச்சி எடுக்க சொல்லு. என் நோட்டுல வெல மதிப்பு உள்ளது அதான்.

சந்துன்னா என்னன்னு உனக்கு தெரியும், உன் டீம்ல இருக்கற பசங்களுக்கு தெரியாது. தெரு ஆறடி ஏழடி தான் இருக்கும், ரெடி மிக்ஸ் வண்டி நொழையாது, மணல் லாரி மெயின் ரோட்டுலயே கொட்டிட்டு போயிடும், அங்க இருந்து குட்டி யானையிலயும் தலைச் சுமையிலயும் உள்ள எடுத்துனு வரணும், மேல ரெண்டாவது மாடின்னா அதுக்கு வேற ஆளு. கவர்மென்ட் எஸ்டிமேட்ல லீடு லிஃப்டுன்னு, எவ்ளோ தூரம் சொமக்கணும் எவ்ளோ ஒசரம் ஏத்தணும்னு, தனி காலம் இருக்கும் இதுக்கு, தனியார் வீட்டு பிளான்ல அதுக்கு இடமே கெடையாது. பம்ப்புன்னா கொருக்குப்பேட்டை பக்கம் அஞ்சடி தோண்டினாலே சில எடத்துல ஊத்து வந்துடும், மழை நாள்ல கேக்கவே வேணாம், அஸ்திவாரம் போட்டு முடிக்கற வரைக்கும் பம்ப்பு ஓடிக்கினே இருக்கணும். தண்ணின்னா உப்பு. திருவொத்தியூர் எண்ணூர் பக்கம் நெறைய எடத்துல போர் தண்ணி உப்பு கரிக்கும், கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு கலக்கற தண்ணியில குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல இருக்கக் கூடாதுன்னு கான்கிரீட்டுக்கான தரப் புத்தகம் ஐ.எஸ். 456ல இருக்கு, அப்ப லாரி தண்ணி வாங்கணும், அது ஒரு செலவு. பிளான் படத்துல இது ஒண்ணாவது தெரியுமா சொல்லு.

பழைய நோட்டுங்கள அப்டியே நம்பக் கூடாதுங்கறதுக்கு இன்னொரு காரணம், ரூலே மாறியிருக்கு. 2000க்கு முன்னாடி நோட்டுல எல்லாம் ரூஃபுக்கு 1:2:4 தான் இருக்கும், அதாவது ஒரு பங்கு சிமெண்ட்டு, ரெண்டு மணல், நாலு ஜல்லி, எம் 15ன்னு சொல்வாங்க, எம் நம்பர் ஏற ஏற கான்கிரீட்டுக்கு பலம் ஜாஸ்தி. அப்ப அதுக்கு இடம் இருந்துச்சு. 2000ல வந்த ஐ.எஸ். 456ல கம்பி கான்கிரீட்டுன்னா கொறஞ்சது எம் 20ன்னு ஆச்சு, கடல் காத்து நேரா அடிக்கற எடத்துக்கு எம் 30, கம்பிக்கு வெளிய 45 மில்லிமீட்டர் கவரு, அதாவது கம்பிய மூடற கான்கிரீட் கனம். 1:2:4ல ஒரு கன மீட்டருக்கு ஆறே கால் மூட்டை சிமெண்ட்டு ஆகும், 1:1½:3க்கு எட்டு மூட்டை ஆகும், எம் 30ன்னா இப்டி பங்கு கணக்கு ஆவாது, மிக்ஸ் டிசைனே, அதாவது டெஸ்ட் பண்ணி கலவைய முடிவு பண்றது, பண்ணணும். மெஷின் பழைய நோட்டுல இருந்து கத்துக்கினு காசிமேட்டு வீட்டுக்கு பழைய கலவைய போட்டுச்சுன்னா எஸ்டிமேட்டு கொறச்சலா அழகா வரும், பார்ட்டியும் சந்தோஷப்படுவாங்க, கொஞ்ச வருஷத்துல சன்ஷேடு அடியில கம்பி துருப்புடிச்சி ஊதி காரை பேந்து விழும். மார்க்கெட்டுக்கு பின்னாடி தெருவுல நடந்தா அண்ணாந்து பாத்துக்கினே நடக்கணும், அவ்ளோ வீடு அப்டி கீது. 2002ல மெட்ராஸ பூகம்ப ஜோன் 2ல இருந்து 3க்கு மாத்தினாங்க, அதனால கம்பி கணக்கும் அதுக்கு முன்னாடி நோட்டுல இருக்கற மாதிரி இருக்காது.

ரேட்ட பத்தி ரொம்ப சொல்ல மாட்டேன், நோட்டுல இருந்து ரேட்டே எடுக்காத, அளவ மட்டும் எடு. எல்லாத்துக்கும் ஒரே சதவீதம் ஏத்தி இன்னிக்கு விலைக்கு கொண்டு வரலாம்னு யாராவது சொன்னா விடாத, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி மாறியிருக்கு. ஆத்து மணல் இருந்த எடத்துல இப்ப கல்ல ஒடச்சி பண்ற எம்-சாண்டு, பூச்சுக்கு பி-சாண்டு. சிமெண்ட்டுக்கு 28 சதவீதமா இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22ல இருந்து 18 ஆச்சு, உன் மெஷின் அதுக்கு முன்னாடி படிச்சதுன்னா 28ன்னு தான் போட்டுக்கினு இருக்கும். ரேட்டுங்கறது அன்னிக்கு காலைல கடைக்கு போன் பண்ணி கேக்கறது, ஸ்க்ரீன்ல பக்கத்துலயே எந்த தேதி ரேட்டுன்னு போடுங்க.

இன்னொண்ணு யாரும் யோசிக்க மாட்டாங்க, பணம் எப்ப வரும்ங்கறது. காசிமேட்டுல மீன் புடிக்கற விசைப்படகுக்காரங்க வீடுன்னா ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம், 61 நாள் விசைப்படகு கடலுக்கு போகாது, கையில காசு பொரளாது. அந்த நேரத்துல ரூஃபு பேமென்ட் விழற மாதிரி ஷெட்யூல் போட்டா வட்டிக்கு தான் வாங்குவாங்க. நான் பேஸ்மென்ட தடைக்காலத்துக்கு முன்னாடி முடிச்சிட்டு ரூஃப அதுக்கு அப்புறம் தள்ளி வெப்பேன், அக்டோபர் மழைக்கு முன்னாடி வெளிப்பூச்சும் முடியணும். உங்க மெஷின் டோட்டல் தொகையோட நிக்காம எந்த மாசம் எவ்ளோ வேணும்னும் சொல்லிச்சுன்னா அத விட பெரிய உதவி அந்த குடும்பத்துக்கு இல்ல.

அதனால நான் கேக்கறது இதான் பாப்பா. படத்த போட்டதும் ஒடனே நம்பர் துப்பாம, மெஷின் மொதல்ல கேக்கட்டும். தெரு எத்தினி அடி அகலம், லாரி எது வரைக்கும் வரும், எத்தினி அடியில தண்ணி, போர் தண்ணி உப்பா, கடல்ல இருந்து எவ்ளோ தூரம், வீட்டுக்காரருக்கு எந்த மாசம் கை காயும். அளவெடுக்கற நேரம் மிச்சமாவுதுல்ல, அந்த நேரத்துல யாராவது ஒருத்தர் மனைக்கு நேரா போய் இதுக்கு பதில் எடுத்துனு வரட்டும். முடிவுல எதெல்லாம் இந்த தொகையில சேரலன்னு பெருசா ஒரு பக்கம் வரணும், தமிழ்ல வரணும், வீட்டம்மா படிச்சி புரிஞ்சிக்கற மாதிரி. இங்கிலீஷ்ல பி.ஓ.க்யூன்னு அயிட்டம் அயிட்டமா அளவுப் பட்டியல் இருபது பக்கம் குடுத்தா அவங்க கடைசி நம்பர மட்டும் பாத்துட்டு மடிச்சி வெச்சிடுவாங்க.

நோட்டுல பார்ட்டிங்க பேரு, போன் நம்பரு, யாரு எவ்ளோ பாக்கின்னு எல்லாம் இருக்கு. அத மறைச்சிட்டு தான் ஸ்கேன் போகணும், அதுக்கு ஆள் விடாத, நீயே உக்காந்து பண்ணு. அவங்க என்ன நம்பி சொன்னது அது. பென்சில்ல எழுதினது புரியலன்னா அந்த பக்கத்த போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல போடு, ராத்திரி எட்டு மணிக்கு மேல ஃப்ரீயா இருப்பேன், ஒவ்வொண்ணா சொல்றேன்.

அப்பா