நாற்காலி ஒதுக்கினால் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். விளையாட்டு நிர்வாகத்தில் பெண்களுக்கு இடம் வேண்டும் என்ற பேச்சு இப்போது அடிக்கடி அடிபடுகிறது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டத்தின்படி, தேசிய விளையாட்டு அமைப்புகளின் செயற்குழுவில் அதிகபட்சம் 15 பேர்தான் இருக்கலாம். அதில் குறைந்தது 4 பேர் பெண்களாக இருக்க வேண்டும். நல்ல சட்டம்தான், வரவேற்கிறேன். ஆனால் அந்த நாலு பேர் யாராக இருக்கப் போகிறார்கள்? உள்ளாட்சியில் நாம் பார்க்காததா? ஊராட்சித் தலைவி வீட்டில் இருப்பார், அவர் வீட்டுக்காரர் அலுவலகத்தில் உட்கார்ந்து ஃபைல் பார்ப்பார். செயலாளரின் மனைவி, பொருளாளரின் மருமகள் என்று செயற்குழுப் பட்டியலும் நிரம்பிவிட்டால் அப்புறம் சட்டத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

"பெண்களில் தகுதியான ஆள் கிடைக்கவில்லையே" என்று சங்கத்துக்காரர்கள் சொல்வார்கள். ஏன் கிடைக்கவில்லை என்று பார்க்க டெல்லி வரை போக வேண்டாம். நான் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ஏதாவது ஒரு குறுவட்டப் போட்டி நடக்கும் மைதானத்துக்குப் போய், பணி ஒதுக்கீட்டுப் பட்டியலை வாங்கிப் பாருங்கள். ஓட்டத்தைத் தொடங்கி வைப்பவர், தலைமை நடுவர், மேல்முறையீட்டுக் குழு எல்லாம் பெரும்பாலும் சார்கள். சான்றிதழ் எழுதுவது, சாப்பாட்டு டோக்கன் கொடுப்பது, பதக்கத் தட்டு ஏந்துவது, முதலுதவிப் பெட்டியோடு உட்கார்ந்திருப்பது டீச்சர்கள். ஏன் என்று கேட்டால், "உங்க கையெழுத்து அழகா இருக்கும் டீச்சர்" என்று பதில் வரும். பணிக்காலம் முழுக்க அழகாகச் சான்றிதழ் எழுதியே ஓய்வு பெற்றவர்களை எனக்குத் தெரியும். நாலு பயிற்சியாளர்கள் சுற்றி நின்று கத்தும்போது பதறாமல் ஒரு முடிவைச் சொல்லி அதில் நிற்கும் பழக்கம், விசில் கையில் இருந்தால்தான் வரும்.

மாணவிகள் அணி வெளியூர் போனால் கூட ஒரு டீச்சர் போயாக வேண்டும். காகிதத்தில் அவர் பெயர் மேனேஜர். பிறப்புச் சான்றிதழ் ஃபைலைக் காப்பது, ரயில் டிக்கெட், நாப்கின், ராத்திரி யாருக்குக் காய்ச்சல் என்று பார்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. அணியில் யார் இறங்குவது என்பது மட்டும் பயிற்சியாளர் விருப்பம். ஒரு மாநிலப் போட்டியில் 4x100 தொடர் ஓட்டத்தில் எங்கள் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் கோலை எல்லைக்கு வெளியே மாற்றியதாகச் சொல்லி நீக்கிவிட்டார்கள். கோடு தாண்டவே இல்லை என்று பிள்ளைகள் அழுகிறார்கள். பயிற்சியாளரோ மைக் பிடித்திருந்தவரிடம் போய்ச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார். முடிவு அறிவித்த 30 நிமிடத்துக்குள் நடுவரிடம் முறையிட வேண்டும், அங்கே தீராவிட்டால் முன்பணம் கட்டி மேல்முறையீட்டுக் குழுவுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது தடகள விதி. அணிப் பொறுப்பாளர் என்ற முறையில் மேனேஜரே அதைச் செய்யலாம். அந்த மேனேஜர் ஒரு கணக்கு டீச்சர். ஃபைலை இடுக்கிக்கொண்டு நின்றவரிடம் இப்படி ஒரு உரிமை இருப்பதையே யாரும் சொல்லி வைக்கவில்லை. விதிப்புத்தகம் பயிற்சியாளரின் பையில் இருந்தது. அரை மணி நேரம் கூச்சலிலேயே போயிற்று. அவருக்கு முன்கூட்டியே அரை நாள் விதிகளைச் சொல்லிக் கொடுத்திருந்தால் முடிவு மாறியிருக்குமோ என்னவோ, முறையீடாவது பதிவாகியிருக்கும்.

கதவைத் திறந்தால் ஆள் வரும் என்பதற்கு நம் ஊரிலேயே சாட்சி இருக்கிறது. 2023 ஜனவரியில் ரஞ்சிக் கோப்பையில் முதன்முறையாகப் பெண்கள் மூன்று பேர் நடுவர்களாக இறங்கினார்கள். அந்த மூவரில் ஒருவர் சென்னையின் ஜனனி. ஐ.டி. வேலையை விட்டுவிட்டு நடுவர் பணிக்கு வந்தவர். அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அவர் வாய்ப்புக் கேட்டிருக்கிறார்; பெண்களை எடுக்க அப்போது விதி இடம் தரவில்லை. விதி மாறியது, தேர்வு எழுதினார், தேறினார். ஆந்திராவின் ஜி.எஸ். லட்சுமி 2019-இலேயே சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலின் முதல் பெண் போட்டி நடுவர் ஆகிவிட்டார்.

பயிற்சியாளர் வேலையில் நிலைமை இன்னும் மோசம். டோக்கியோ ஒலிம்பிக்கில் பங்கேற்ற வீரர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் பெண்கள், பயிற்சியாளர்களில் பெண்கள் 13 சதவீதம்தான். அமெரிக்காவில் இதில் ஒரு வேடிக்கை நடந்தது. 1972-இல் அங்கே கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்து சட்டம் வந்தது. அதற்கு முன் கல்லூரிப் பெண்கள் அணிகளில் 90 சதவீதத்துக்கு மேல் பெண் பயிற்சியாளர்கள்தான். பலருக்கு அது பேருக்குச் சம்பளம் உள்ள வேலை. சட்டம் வந்து, பணம் வந்து, பதவிக்கு மதிப்பு வந்ததும் ஆண்கள் விண்ணப்பித்தார்கள். பெண் பயிற்சியாளர் பங்கு பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. விளையாடும் பெண்கள் பல மடங்கு பெருகிய அதே காலத்தில்தான் இது நடந்தது. நம் பெண்கள் கிரிக்கெட்டிலும் இப்போது நல்ல பணம் புழங்குகிறது. 2025 நவம்பரில் உலகக் கோப்பை வென்ற அணியின் தலைமைப் பயிற்சியாளர் அமோல் முசும்தார். அவர் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை, அருமையாகச் செய்தார். ஆனால் அந்த அணியில் இன்று ஆடுபவர்களில் யாரோ ஒருத்தி பத்து வருடம் கழித்து அந்த இடத்துக்கு வர வேண்டுமென்றால் அதற்கான வேலை இப்போதே தொடங்க வேண்டும்.

விளையாடிய பெருமை மட்டும் நிர்வாகத்துக்குப் போதாது என்பதையும் சொல்லியாக வேண்டும். பி.டி. உஷா 2022 டிசம்பரில் இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் முதல் பெண் தலைவரானார், அதுவும் போட்டியின்றி. 2024-இல் அவர் அறிவித்த தலைமைச் செயல் அதிகாரியின் நியமனத்தைச் செயற்குழுவில் பெரும்பான்மையினர் ஏற்க மறுத்தார்கள். இழுபறி ஒரு வருடத்துக்கு மேல் நீடித்தது. நியாயம் யார் பக்கம் என்ற விவகாரத்துக்குள் நான் போகவில்லை. ஆனால் சங்கம் என்றால் துணைவிதி, கூட்ட அறிவிப்பு, தீர்மானப் புத்தகம், வாக்காளர் பட்டியல், வரவு செலவுக் கணக்கு. இதையெல்லாம் சார்கள் டீக்கடையில் பேசிப் பேசியே பழகிவிடுகிறார்கள். நமக்கு அந்த டீக்கடை கிடையாது, யாராவது உட்கார வைத்துச் சொல்லித்தர வேண்டும்.

அதற்காக ஹோட்டல் ஹாலில் இரண்டு நாள் 'தலைமைப் பண்பு' பயிலரங்கு நடத்தி, பூங்கொத்து கொடுத்து, குழுப் புகைப்படம் எடுத்து அனுப்பிவிடாதீர்கள். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் ஆதரவில் இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பல்கலைக்கழகம் பெண் பயிற்சியாளர்களுக்கு நடத்தும் 'விஷ்' திட்டம் ஏறத்தாழ இரண்டு ஆண்டு நீளம். நேரில் தங்கிப் படிப்பது கொஞ்ச நாள்தான். மிச்சக் காலம் தன் ஊரில் தன் வேலையைப் பார்த்துக்கொண்டே ஒரு வழிகாட்டியுடன் பேசிப் பேசிக் கற்கிறார்கள். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் மேலக்கோட்டையூரில் உள்ள விளையாட்டுப் பல்கலைக்கழகமும் சேர்ந்தால் இதைத் தமிழிலேயே நடத்த முடியும். கைக்குழந்தைக்காரிகள், பயிற்சியாளர் படிப்பு நடக்கும் தேசிய விளையாட்டு நிறுவனம் உள்ள பஞ்சாபின் பாட்டியாலா போய் மாதக்கணக்கில் விடுதியில் தங்கிப் படிக்க முடியாது என்பதை மனதில் வைத்து நடத்தினால் போதும்.

பணமே செலவில்லாமல் செய்யக்கூடியதும் உண்டு. முதலமைச்சர் கோப்பை முதல் குறுவட்டம் வரை, நடுவர் பணியிலும் மேல்முறையீட்டுக் குழுவிலும் பெண்கள் இத்தனை பேர் என்று சுற்றறிக்கையிலேயே போடலாம். மாணவிகள் அணிக்குப் பயிற்சியாளர் ஆண் என்றால், துணைப் பயிற்சியாளர் பெண்ணாக இருக்கட்டும்; மேனேஜர் டீச்சரை அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. மாவட்டச் சங்கக் கூட்டங்களை ராத்திரி எட்டு மணிக்கு லாட்ஜ் அறையில் வைப்பதையும் நிறுத்த வேண்டும். ஞாயிறு காலையில், பள்ளி வகுப்பறையில், ஒரு வாரம் முன்பே அறிவிப்புக் கொடுத்து வையுங்கள். யார் யார் வருகிறார்கள் என்று அப்போது தெரியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை,
திருநெல்வேலி மாவட்டம்