சோம்பேறி என்ற சொல் வேண்டாமே

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் கொழிஞ்சாம்பாறையில் மூங்கில் கூடை முடைகிறவன். தக்காளிக் கூடை, முறம், கோழி கவிழ்க்கும் கூடை என்று நாற்பது வருஷத்துக்கு மேல் இதே தொழில். பாலக்காடு ஜில்லாவில் இருந்தாலும் எங்கள் வீட்டில் பேச்சும் படிப்பும் தமிழ்தான், பேப்பரும் தமிழ்தான். என் மகள் வயிற்றுப் பேத்தி இங்கே தமிழ் மீடியத்தில் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். உங்கள் சிறுவர் பக்கம் வந்தால் அதை வெட்டி நோட்டில் ஒட்டிவிட்டுத்தான் காலைச் சாப்பாட்டுக்கு வருவாள்.

போன வாரம் அந்தப் பக்கத்தில் ஒரு பாண்டா படம் போட்டிருந்தீர்கள். சாய்ந்து உட்கார்ந்து, வயிற்றின் மேல் மூங்கில் குவியலை வைத்துக்கொண்டு தின்னும் படம். நல்ல படம். கீழே இருந்த வரிதான் சரியில்லை. 'தின்பதும் தூங்குவதும் மட்டுமே இந்தச் சோம்பேறிக் கரடியின் வேலை' என்று இருந்தது. பேத்தி அதைச் சத்தமாக வாசித்துவிட்டு, "ஏன் அப்புச்சி, நாம பார்த்தது அப்படி இல்லையே?" என்று கேட்டாள். எனக்கும் மனசுக்கு ஒப்பவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நாங்கள் பார்த்தது என்று அவள் சொன்னதற்கு ஒரு கதை உண்டு. 2021-ல் புதருக்குள் மூங்கில் வெட்டும்போது கால் வழுக்கி விழுந்து, தொடை எலும்பு முறிந்தது. நாலு மாசம் கட்டிலோடு கிடந்தேன். கத்தி பிடித்த கை சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும். அப்போது பேத்திக்கு ஐந்து வயது இருக்கும். அம்மாவின் போனை எடுத்துவந்து பக்கத்தில் படுத்துக்கொண்டு, பாண்டா வீடியோக்களைப் போட்டுக் காட்டுவாள். முதலில் அவளுக்காகப் பார்த்தேன். இரண்டாம் நாளே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். மூங்கிலை இவ்வளவு தெரிந்த ஒரு பிராணியை நான் அதுவரை பார்த்ததில்லை.

தண்டை எடுத்ததும் அது கண்டபடி கடிக்காது. கையில் உருட்டிப் பார்க்கும், மோந்து பார்க்கும், பிடிக்காததைத் தள்ளி வைக்கும். பிடித்த தண்டு கிடைத்தால் ஓரத்துப் பல்லால் பச்சைத் தோலை நீளமாக உரித்து எறிந்துவிட்டு உள்ளே இருக்கும் வெள்ளைப் பகுதியைக் கடிக்கும். கூடைக்கு நாங்கள் மூங்கிலைப் பிளாச்சாக, அதாவது பட்டை பட்டையாக, கிழிப்பதும் அப்படித்தான்; எங்களுக்குப் பச்சைத் தோல் வேண்டும், அதற்கு வெள்ளை வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். இலை என்றால் ஒவ்வொன்றாகப் பறித்து வாயோரத்தில் சேர்த்து, ஒரு கட்டு ஆனதும் கையில் பிடித்துக் கடித்து முடிக்கும். குருத்து வரும் காலத்தில் குருத்து, மற்றக் காலத்தில் இலையும் தண்டும் என்று மாற்றிக்கொள்ளும். இதற்கெல்லாம் அதன் கையில் ஐந்து விரலுக்கு மேல் ஒன்று இருக்கிறது. நிஜ விரல் இல்லை, மணிக்கட்டு எலும்பு ஒன்று வளர்ந்து கட்டைவிரல் மாதிரி நிற்கிறது. அதை வைத்துத்தான் தண்டை அப்படிப் பிடிக்கிறது. என் கட்டைவிரலில் கத்திப்பிடி அழுத்தி அழுத்திக் காய்ப்பு ஏறியிருக்கிறது. அதைக் காட்டி, "பாண்டாவுக்கும் இப்படி ஒன்று இருக்கு" என்று பேத்தியிடம் சொன்னால் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள்.

சரி, ஏன் நாள் முழுக்கத் தின்கிறது? பாண்டா கரடி இனம். அதன் குடல் இறைச்சி தின்னும் பிராணியின் குடல். மாட்டைப் போல அசை போடும் வயிறு அதற்கு இல்லை. தின்ற மூங்கிலில் ஆறில் ஒரு பங்கு ஜீரணமானால் பெரிது. மிச்சம் அப்படியே வெளியே போய்விடும். அதனால் ஒரு நாளைக்கு 12 கிலோவிலிருந்து 38 கிலோ வரை மெல்ல வேண்டியிருக்கிறது. பத்து மணி நேரமாவது, சில நாள் பதினாறு மணி நேரம் வரை. குளிர் தேசத்துக் கரடிகள் பல கொழுப்புச் சேர்த்துக் குளிர்காலம் முழுக்கப் படுத்துவிடும். மூங்கிலை மட்டும் நம்பியிருப்பதால் பாண்டாவுக்கு அந்த வசதியும் இல்லை. பனியிலும் இறங்கி வந்து மெல்ல வேண்டும். 2015-ல் சீன விஞ்ஞானிகள் பாண்டாக்கள் ஒரு நாளில் செலவழிக்கும் சக்தியை அளந்து பார்த்தார்கள். அதே எடையுள்ள வேறொரு பாலூட்டிக்குக் கணக்குப்படி எவ்வளவு ஆகுமோ, அதில் 38 சதவீதம்தான் பாண்டாவுக்கு ஆகிறது. வரவு அவ்வளவு குறைச்சல், அதற்குத் தகுந்த செலவு. கூலி கொஞ்சமாக வரும் வீட்டில் விளக்கை அணைத்துவிட்டுச் சீக்கிரம் படுப்பார்கள். அவர்களை யாரும் சோம்பேறி என்று சொல்வார்களா?

அப்புறம், குட்டி போட்ட பாண்டாவை ஒரு தடவை பார்த்தவர்கள் அந்தச் சொல்லை எழுதவே மாட்டார்கள். தாய் நூறு கிலோவுக்குப் பக்கம் இருக்கும். குட்டி சுமார் நூறு கிராம். கண் திறக்காமல், முடி இல்லாமல், ரோஜா நிறத்தில் ஓர் எலி அளவில் வந்து விழும். அவ்வளவு பெரிய வாயால் அதைக் கவ்வி எடுத்து மார்போடு வைத்துக்கொள்வாள். முதல் சில நாள் சாப்பிடக்கூட இடத்தை விட்டு எழுந்திருக்க மாட்டாள். நாள் முழுக்கத் தின்றால்தான் உயிர் நிற்கும் ஒரு பிராணி, குட்டிக்காகத் தின்னாமல் இருக்கிறது. அந்த வீடியோவை என் மகள் முழுசாகப் பார்க்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பாதிக்குப் பாதி இரட்டைக் குட்டி பிறக்கும். காட்டில் தாய் ஒன்றைத்தான் வளர்ப்பாள். இரண்டுக்கும் பாலும் போதாது, கையும் போதாது. சீனத்து இனப்பெருக்க நிலையங்களில் காப்பாளர்கள் ஒரு குட்டியை இன்குபேட்டரில் வைத்து, தாய் அசந்த நேரம் பார்த்து இன்னொன்றோடு மாற்றி மாற்றி வைக்கிறார்கள். இரண்டுமே தாய்ப்பால் குடித்துப் பிழைக்கின்றன. ராத்திரி பகல் பார்க்காத வேலை. இந்த வழியெல்லாம் தெரிவதற்கு முன்னால் எத்தனை ஏமாற்றம்! லண்டனில் இருந்த சீ சீ என்ற பெண் பாண்டாவை 1966-ல் மாஸ்கோவுக்குக் கொண்டுபோய் அங்கிருந்த ஆன் ஆனோடு சேர்க்கப் பார்த்தார்கள், 1968-ல் ஆன் ஆனை லண்டனுக்கே கொண்டுவந்தார்கள், இரண்டு தடவையும் பலிக்கவில்லை. 1972-ல் அமெரிக்காவுக்குப் போன லிங் லிங் ஐந்து குட்டி போட்டாள். ஒன்றுகூட சில நாளைத் தாண்டவில்லை. பெண் பாண்டாவுக்கு வருஷத்தில் ஒரே ஒரு தடவை, அதுவும் இரண்டு மூன்று நாள்தான் சினைப்பருவம். அந்தப் பருவம் தப்பினால் அடுத்த வருஷம்தான். இன்றைக்கு உலகம் முழுக்கக் காப்பகங்களில் எழுநூறு பாண்டாக்களுக்கு மேல் இருக்கின்றன என்றால், அது தானாக நடந்த காரியம் இல்லை.

இந்த நிலையங்கள் ஏன் வந்தன என்பதையும் உங்கள் சிறுவர் பக்கம் சொல்லலாம். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அது சட்டென்று புரியும். நெல்லியாம்பதி, பரம்பிக்குளம் பக்கமெல்லாம் முள் மூங்கில் நாற்பது நாற்பத்தைந்து வருஷத்துக்கு ஒரு முறை ஒன்றாகப் பூக்கும். பூத்தால் மூங்கில் அரிசி கொட்டும், எலி பெருகும், அப்புறம் புதர் முழுக்கக் காய்ந்து சாகும். எங்கள் அப்பா, "மூங்கில் பூத்தா நம்ம அடுப்பு அணையும்" என்று சொல்வார். விதை முளைத்து வெட்டுப் பக்குவத்துக்கு வர வருஷக்கணக்காகும். அதுவரை வேறு காடு தேடித்தான் போக வேண்டும், நாங்களும் போயிருக்கிறோம்.

சீனாவிலும் இதேதான் நடந்தது. 1970-களின் நடுவில் மின் என்ற பெயருள்ள மலைகளில் மூங்கில் பூத்துச் செத்தபோது 138 பாண்டாக்கள் இறந்துகிடந்ததைக் கண்டெடுத்தார்கள். 1983-ல் சியோங்லாய் மலைகளில் மறுபடியும் பூத்தது. பழைய காலமாக இருந்தால் பாண்டா அடுத்த மலைக்குப் போய் வேறு வகை மூங்கிலைத் தின்றிருக்கும். நடுவில் வயலும் ரோடும் ஊரும் வந்துவிட்டதால் போக வழி இல்லை. பசியாலும் நோயாலும் கிடந்து மீட்கப்பட்ட ஆறு பாண்டாக்களோடுதான் 1987-ல் செங்டு நகரத்துப் பாண்டா நிலையம் தொடங்கியது. இன்று சுற்றுலாக்காரர்கள் வரிசை கட்டி நின்று ஹுவா ஹுவா என்ற குட்டைக்கால் பாண்டாவைப் பார்ப்பது அந்த இடத்தில்தான்.

வோலோங் என்ற இன்னொரு பாண்டா நிலையத்தைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். 2008 மே 12-ஆம் தேதி சிச்சுவான் பூகம்பம் வந்தபோது மலை சரிந்து பாறைகள் அந்த நிலையத்தின் மேலேயே விழுந்தன. காப்பாளர்கள் குட்டிகளைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மாவ் மாவ் என்ற ஒன்பது வயதுத் தாய், ஐந்து குட்டி பெற்றவள், கொட்டடிச் சுவர் இடிந்து அதற்கடியில் போய்விட்டாள். கிட்டத்தட்ட ஒரு மாசம் கழித்து ஜூன் 9-ஆம் தேதிதான் உடல் கிடைத்தது. அவளை வளர்த்தவர்களே குழி வெட்டிப் புதைத்தார்கள். அந்தப் போட்டோவைப் பார்த்த அன்றைக்கு என் பேத்தி சாப்பிடவில்லை.

எல்லாமே நல்லபடி நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. வெளிநாட்டுக்கு ஒரு ஜோடியை அனுப்பினால் வருஷத்துக்குப் பத்து லட்சம் டாலர் வரை வாங்குகிறார்கள். அங்கே பிறக்கும் குட்டியும் சீனாவுக்குத்தான் சொந்தம், நாலு வயசு வாக்கில் திரும்பிப் போக வேண்டும். உயிருள்ள ஒன்றை இப்படி ஒப்பந்தம் போட்டுக் கொடுத்து வாங்குவது எனக்குப் பிடிக்கவில்லை. கனடாவில் கல்கரி நகரத்துக்குப் போன எர் ஷுன், டா மாவ் ஜோடிக்கு 2020-ல் கொரோனாவால் விமானம் நின்று, சீனாவிலிருந்து வரும் மூங்கில் வரத்து அறுந்துபோனது. மூங்கிலுக்கு அலைந்து முடியாமல் அந்த வருஷம் நவம்பரில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூங்கில் முளைக்காத ஊருக்கு மூங்கில் தின்னும் உயிரைக் கொண்டுபோனால் வேறு என்ன ஆகும்? காட்டில் இருப்பவை 1,864 என்று கடைசிக் கணக்கெடுப்பில் தெரிந்தது. அவற்றுக்கு மலைக்கு மலை போக வழி விட்டால் அதுதான் பெரிய காரியம் என்று நான் நினைக்கிறேன்.

ஆனால் ஒப்பந்தம் யார் போட்டாலும், பக்கத்தில் இருந்து வளர்ப்பவர்களின் பாசத்தில் குறை சொல்ல முடியாது. தென்கொரியாவில் எவர்லேண்ட் என்ற இடத்தில் 2020 ஜூலை 20-ஆம் தேதி ஃபூ பாவோ பிறந்தாள். அவளை வளர்த்த காங் சொல்வோன் என்ற காப்பாளரை அந்த நாட்டில் எல்லோரும் ஃபூ பாவோவின் தாத்தா என்றே சொல்கிறார்கள். குட்டியாக இருந்தபோது அவர் காலைக் கட்டிக்கொண்டு விடவே மாட்டாள். அங்குள்ள காப்பாளர்கள் மூங்கிலிலேயே அவளுக்கு விளையாட்டுச் சாமான்கள் செய்து கொடுத்தார்கள். அவர்கள் மூங்கிலை வளைத்துக் கட்டியிருக்கும் விதத்தைப் பார்த்து, இது தொழில் தெரிந்த கை என்று கட்டிலில் இருந்தபடியே நான் சொன்னேன். நடக்க ஆரம்பித்ததும் நானும் அதே மாதிரி ஒரு சின்ன ஊஞ்சல் செய்து பேத்தியின் பொம்மைக்குக் கொடுத்தேன். 2024 ஏப்ரல் 3-ஆம் தேதி ஃபூ பாவோவைச் சீனாவுக்கு அனுப்பினார்கள். மழையில் ஆயிரக்கணக்கான பேர் ரோட்டோரம் நின்று அழுதார்கள். அதற்கு முந்தின நாள்தான் காங் சொல்வோனின் தாயார் இறந்திருந்தார். இருந்தும் அந்த மனிதர் பாண்டாவோடு விமானத்தில் ஏறி, வோலோங் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். பெற்ற தாயின் காரியம் ஒரு பக்கம், வளர்த்த பிள்ளை ஒரு பக்கம். எங்கள் வீட்டில் அன்றைக்கு அதைப் பற்றித்தான் பேச்சு. போயிருக்கக் கூடாது என்று என் தங்கை சொன்னாள். போனதுதான் சரி என்று நான் சொன்னேன். இன்னும் அதையேதான் சொல்வேன்.

எங்கள் கேரளத்தில் யானைக்குப் பெயர் இருக்கும். டீக்கடையில்கூட அந்தப் பெயரைச் சொல்லித்தான் சாப்பிட்டதா, மதம் இறங்கியதா என்று விசாரிப்பார்கள். பாண்டாவுக்கும் ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு, தாய் தகப்பன் உண்டு, பிறந்த தேதி உண்டு. உங்கள் படத்தில் இருந்தது எது, எந்த ஊரில் இருக்கிறது என்று ஒரு வார்த்தை இல்லை. அதற்குப் பதிலாக அந்த ஒரு சொல் இருந்தது.

ஆகவே ஐயா, அடுத்த வாரம் சிறுவர் பக்கத்தில் நாலு வரி திருத்தம் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். முடிந்தால் படத்தில் இருக்கும் பாண்டாவின் பெயரையும் கேட்டுச் சொல்லுங்கள். பேத்தி படத்தை ஒட்டிவிட்டாள். கீழே இருந்த வரியை வெட்டி எடுத்துவிட்டு, பெயர் எழுத இடம் விட்டு வைத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
மூங்கில் கூடை முடைபவன்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.